மாணவர் நலப் பணிகள்: வந்தவர் கணக்கும் வராதவர் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – புள்ளியியல்)

முன்னுரை

கல்லூரி என்றதும் நம் நினைவுக்கு வருவன வகுப்பறை, நூலகம், ஆய்வுக்கூடம், தேர்வு ஆகிய நான்கே. ஆனால் ஒரு மாணவன் இந்நான்கையும் பயன்படுத்தி மூன்றாண்டுகளில் பட்டம் பெற்று வெளியேற வேண்டுமானால், இவற்றுக்குப் புறம்பே வேறு பல ஏற்பாடுகள் அவனுக்குத் தேவைப்படுகின்றன. விடுதி, உதவித்தொகை, பேருந்துப் பயண அட்டை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு, வேலைவாய்ப்புப் பயிற்சி, குறைதீர்க்கும் குழு, உடல்நல மனநல ஆலோசனை, புதிதாகச் சேர்ந்தோர்க்கான அறிமுக நாள் என அவை விரியும். இவையனைத்தையும் சேர்த்தே மாணவர் நலப் பணிகள் என்கிறோம்.

வசதியும் கல்வியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை கூடுதல் உதவிகள். என்போன்றோர்க்கு இவற்றில் ஒன்று தவறினாலும் படிப்பே தவறிப் போகும். என் தந்தையார் கட்டட வேலை செய்பவர். தாயார் வயல் வேலைக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எந்த விண்ணப்பத்தை எப்போது, யாரிடம், எந்தச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருமில்லை. "வாத்தியார் என்ன சொல்றாரோ அதக் கேட்டு நடந்துக்கப்பா" என்பதே என் அம்மாவால் தர முடிந்த அறிவுரை. ஆகவே, இப்பணிகள் நடைபெறுகின்றனவா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், நடைபெறும் பணிகள் உரியவரைச் சென்று சேர்கின்றனவா, அதை எவ்வாறு அளந்தறிவது என்று ஆராய்வது நம் அனைவரின் கடமையாகும். புள்ளியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் இதனை இங்கு எடுத்துரைக்க முயல்கிறேன்.

சிறு வரலாறு

கல்லூரி என்பது மாணவனின் அறிவை மட்டும் கவனித்தாற் போதாது. அவன் உடல், மனம், பொருள்நிலை, எதிர்காலத் தொழில் ஆகிய அனைத்தையும் கருத வேண்டும் என்னும் எண்ணம் அமெரிக்காவில் 1937-ஆம் ஆண்டு ஓர் அறிக்கையாக உருப்பெற்றது. அமெரிக்கக் கல்விக் கழகம் வெளியிட்ட அவ்வறிக்கை 1949-இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. மாணவர் நலப் பணி என்பதை ஒரு தனித் துறையாகக் கருதுவோர் இன்றும் அதனையே தொடக்கமாகக் கொள்கின்றனர்.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் புதியதன்று. டாக்டர் இராதாகிருட்டிணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49) மாணவர் நலனுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியது. டாக்டர் கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964-66) இன்னும் ஒரு படி மேலே சென்றது. மாணவர் நலப் பணிகள் வெறும் இரக்கச் செயல்கள் அல்ல, அவை கல்வியின் பிரிக்க முடியாத உறுப்பு என்பது அக்குழுவின் கருத்து. விடுதியில் தங்காத மாணவர்கள் பகலில் அமர்ந்து படிக்கவும், குறைந்த விலையில் உண்ணவும் இடம் வேண்டும் என்றுகூட அக்குழு எண்ணிப் பார்த்தது. பேருந்துக்காக மரத்தடியில் காத்திருந்து படித்த எவருக்கும் இதன் அருமை விளங்கும்.

காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1996-இல் ஒரு மருத்துவ மாணவரின் உயிர் பறிபோன கொடுமைக்குப் பின், 1997-இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. 2022-இல் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டமும், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமும், 2024-இல் மாணவர்க்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் தொடங்கப்பெற்றன. 2025 மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர்தம் மனநலனையும் தற்கொலைத் தடுப்பையும் ஆராய ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது.

எனவே திட்டங்கள் குறைவு என்று நாம் சொல்ல இயலாது. குறையிருப்பின் அது திட்டத்திற்கும் மாணவனுக்கும் இடைப்பட்ட தூரத்தில் இருக்கிறது. அத்தூரத்தை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று நாம் எவ்வாறு அளக்கிறோம்?

எந்தக் கல்லூரியின் ஆண்டறிக்கையை எடுத்துப் பார்த்தாலும், மாணவர் நலப் பணிகள் ஏறத்தாழ ஒரே வடிவில் எழுதப்பட்டிருக்கும். இன்ன தேதியில் இன்ன விழிப்புணர்வுக் கூட்டம் நடைபெற்றது, சிறப்பு விருந்தினர் இன்னார், கலந்துகொண்ட மாணவர் தொகை இவ்வளவு, இறுதியில் நன்றியுரை. இதில் பொய் ஏதுமில்லை. உழைத்தவர்களின் உழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் இக்கணக்கு கூட்டத்தைப் பற்றியது, மாணவனைப் பற்றியதன்று.

என்னோடு முதலாண்டில் சேர்ந்த நண்பன் ஒருவன் இருந்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அரசுக் கல்லூரியில் இளநிலை மாணவர்க்குப் பயிற்றுக் கட்டணம் இல்லையாயினும், தேர்வுக் கட்டணம், புத்தகம், அன்றாடச் செலவு என்பன உண்டல்லவா? உதவித்தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவன் சேர்ந்தான். விண்ணப்பத்திற்கான கடைசி நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட வாரத்தில் அவன் தந்தைக்கு உடல்நலமில்லை. அவருக்குப் பதிலாக இவன் வேலைக்குச் சென்றிருந்தான். திரும்பி வந்தபோது நாள் கடந்துவிட்டது. "அடுத்த வருஷம் போடலாம்னு சொல்றாங்கடா. அடுத்த வருஷம் வரைக்கும் எதை வச்சுடா ஓட்டுறது?" என்று என்னிடம் கேட்டான். தீபாவளிக்குப் பிறகு அவன் வரவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் அந்தப் பருவம் முடியும்வரை இருந்தது; பிறகு சிவப்பு மையால் கோடிடப்பட்டது. உதவித்தொகை பெற்றவர்கள் தொகையில் அவன் இல்லை. விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்கள் தொகையிலும் இல்லை. குறை சொன்னவர்களிலும் இல்லை. அவன் எவரிடமும் குறை சொல்லவில்லை. நலப் பணி எவனுக்குத் தவறியதோ, அவன் நலப் பணியின் எந்தக் கணக்கிலும் வரவில்லை. வந்தவரை மட்டும் எண்ணும் முறையில் உள்ள பெருங்குறை இதுதான்.

நான்கு படிகள்

ஒரு பயிற்சியின் பயனை அளக்க நான்கு படிகள் உண்டு என்று டொனால்டு கிர்க்பாட்ரிக் என்னும் அமெரிக்க அறிஞர் 1959-இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் விளக்கினார். தொழிற்சாலைப் பயிற்சிகளுக்காக அவர் வகுத்த முறை கல்லூரிக்கும் பொருந்தும்.

முதற்படி, வந்தவர் மகிழ்ந்தாரா? இரண்டாம் படி, வந்தவர் ஏதேனும் கற்றாரா? மூன்றாம் படி, கற்றதைத் தம் நடைமுறையில் கொண்டாரா? நான்காம் படி, அதனால் இறுதிப் பயன் விளைந்ததா?

இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். வேலைவாய்ப்புப் பயிற்சி முகாம் ஒன்று நடைபெறுகிறது. முடிவில் கருத்துப் படிவம் தருகிறார்கள். 'மிக நன்று' என்று குறித்துவிட்டு நாம் வீட்டுக்குப் போகிறோம். இது முதற்படி. பயிற்சிக்கு முன் தன்விவரக் குறிப்பு எழுதத் தெரியாத மாணவி, பயிற்சிக்குப் பின் தானே எழுதிக் காட்டினால் அது இரண்டாம் படி. மூன்று மாதம் கழித்து அவள் அதனை உண்மையில் ஒரு நிறுவனத்திற்கு அனுப்பியிருந்தால் மூன்றாம் படி. நேர்காணலுக்கு அழைக்கப்பட்டு வேலையும் பெற்றால் நான்காம் படி.

நாம் பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகிறோம். வெயிலில் வந்தவர்க்குக் குளிர்ந்த அரங்கமும் தேநீரும் பிஸ்கட்டும் கிடைத்தால் எவரும் 'நன்று' என்றுதான் குறிப்பார்கள். அக்குறிப்பைக் கொண்டு பயிற்சியின் பயனை முடிவு செய்யலாகாது. மூன்று மாதம் கழித்து இருபது பேரைத் தொலைபேசியில் அழைத்து, "பயிற்சியில் சொன்னதில் எதையாவது செய்தீர்களா?" என்று கேட்பதற்கு ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு பிற்பகல், நூறு கருத்துப் படிவங்களைவிட அதிகம் சொல்லும்.

யார் விடை சொல்கிறார்கள்?

கருத்துக் கேட்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. புள்ளியியல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லப்படும் வரலாறு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. 1936-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு வினா அட்டைகளை அனுப்பியது. 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட விடைகள் வந்தன. அவற்றை எண்ணிய அவ்விதழ், இலாண்டன் என்பார் வெற்றி பெறுவார் என்று அறிவித்தது. தேர்தலிலோ உரூசுவெல்ட்டு அன்றைய 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார்.

இருபது இலட்சம் விடைகள் எங்ஙனம் தவறாயின? அட்டை அனுப்பப்பட்ட முகவரிகளிற் பெரும்பகுதி தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வாகனம் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா தவித்த காலம் அது. தொலைபேசி இல்லாத ஏழைகளின் குரல் அதில் குறைவாகவே இருந்தது. அட்டை பெற்றவர்களிலும் நான்கில் ஒரு பங்கினர் அளவிலேயே விடையனுப்பினர். தொகை பெரிது, ஆனால் அது ஒருபக்கம் சாய்ந்த தொகை.

நம் நிலைக்கு வருவோம். தேசியத் தரமதிப்பீட்டுக் குழு 1994-இல் அமைக்கப்பட்டது. அதன் ஏழு மதிப்பீட்டுக் கூறுகளில் ஐந்தாவது, மாணவர்க்கான ஆதரவும் முன்னேற்றமும் பற்றியதாக இருந்தது. 2017-இல் அது கொண்டுவந்த முறையில் மாணவர் மனநிறைவு ஆய்வும் சேர்க்கப்பட்டு, மின்னஞ்சல் வழியே மாணவர்களிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. மாணவனையே கேட்க வேண்டும் என்ற எண்ணம் போற்றத்தக்கது. ஆனால் மின்னஞ்சலை நாள்தோறும் திறந்து பார்ப்பவன் யார்? வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அண்ணன் வேலைக்குச் செல்லும்போது எடுத்துச் சென்றுவிடுவான் என்ற நிலையில் உள்ள மாணவி அவ்வினாவைப் பார்ப்பாளா? வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவிப்புக்கும் இது பொருந்தும். விடை சொல்ல வசதியுள்ளவனே விடை சொல்கிறான். அவனுக்கு வேண்டியதே எல்லோருக்கும் வேண்டியதென்று எண்ணிவிடுகிறோம்.

ஒப்பிடுவதில் கவனம்

வராதவரைக் கணக்கில் சேர்த்தாலும், ஒப்பிடும் முறை தவறானால் முடிவும் தவறாகும். கற்பனையாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். 100 மாணவர்களில் 60 பேர் வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு வந்தனர். 40 பேர் வரவில்லை. வந்தவர்களில் 45 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு வேலை கிடைத்தது. வராதவர்களில் 23 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 57.5 பேருக்கு வேலை கிடைத்தது. பயிற்சி நல்ல பயன் தந்தது என்று உடனே மகிழ்வோம்.

இப்போது இவர்களை இரு வகையாகப் பிரிப்போம். கணிப்பொறி முன்பே பழகியவர் ஒரு வகை. பழகாதவர் மற்றொரு வகை. பயிற்சிக்கு வந்த 60 பேரில் 50 பேர் பழகியவர்கள். அவர்களில் 40 பேருக்கு வேலை. பழகாதவர் 10, அவர்களில் 5 பேருக்கு வேலை. வராத 40 பேரில் பழகியவர் 10. அவர்களில் 8 பேருக்கு வேலை. பழகாதவர் 30, அவர்களில் 15 பேருக்கு வேலை. வகுத்துப் பாருங்கள். பழகியவர்களில் பயிற்சிக்கு வந்தாலும் வராவிட்டாலும் நூற்றுக்கு 80 பேருக்கு வேலை கிடைக்கிறது. பழகாதவர்களில் வந்தாலும் வராவிட்டாலும் நூற்றுக்கு 50 பேருக்குக் கிடைக்கிறது. அப்படியானால் பயிற்சி செய்த மாற்றம் என்ன? ஒன்றுமில்லை. முன்பே முன்னே நின்றவர்கள் பயிற்சிக்கு மிகுதியாக வந்தார்கள், அவ்வளவே.

அலெக்சாண்டர் ஆஸ்டின் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் இதனாலேயே, மாணவன் கல்லூரிக்குள் வரும்போது கொண்டுவந்தது என்ன, கல்லூரியில் அவன் பெற்ற சூழல் என்ன, வெளியேறும்போது அவனிடம் இருப்பது என்ன என்னும் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். விளைவை மட்டும் பார்த்துச் சூழலைப் புகழ்வது, வளமான நிலத்தில் விளைந்த நெல்லைக் காட்டி உரத்தைப் புகழ்வது போன்றதாகும்.

நேரம் என்னும் செல்வம்

அதே ஆஸ்டின் 1984-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மற்றொரு கருத்தையும் கூறினார். மாணவன் தன் கல்வியில் எவ்வளவு ஈடுபடுகிறானோ அவ்வளவே அவன் வளர்ச்சியும் அமையும். ஆதலால் ஒரு கல்லூரியிடம் உள்ள செல்வங்களுள் மிக அரியது மாணவனின் நேரம் என்பது அதன் சாரம். ஒரு திட்டம் நல்லதா என்று அறிய, அது மாணவனின் ஈடுபாட்டைக் கூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் மாணவர்களின் நேரம் எங்கே போகிறது? எங்கள் கல்லூரியில் இரண்டு சுழற்சிகள். முதல் சுழற்சி பகல் ஒரு மணியளவில் முடிகிறது. அதன்பின் இரண்டாம் சுழற்சி தொடங்குகிறது. முதல் சுழற்சியில் படிக்கும் பலர் பிற்பகலில் துணிக்கடையிலோ உணவு விடுதியிலோ வேலைக்குச் செல்கின்றனர். இரண்டாம் சுழற்சியினர் பலர் காலையில் பூப்பறித்துக் கொடுத்துவிட்டும், பால் கறந்து ஊற்றிவிட்டும் வருகின்றனர். சிற்றூர்களுக்கோ மாலையில் ஒன்றிரண்டு பேருந்துகளே உண்டு. மாலை நான்கு மணிக்கு ஓர் ஆலோசனைக் கூட்டம் வைத்தால், முதல் சுழற்சி மாணவன் வேலைக்குப் போயிருப்பான். இரண்டாம் சுழற்சி மாணவி வகுப்பிலிருப்பாள். வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுவாள். பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த நாள் முதல் 'காலேஜுக்கு அனுப்ப வேண்டாம்' என்று வீட்டில் பேச்சுத் தொடங்கிவிடும்.

இவர்கள் வராததைக் கண்டு, மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆர்வமில்லாமை வேறு, பேருந்தில்லாமை வேறு. இரண்டையும் பிரித்தறியாத மதிப்பீடு மதிப்பீடே அன்று.

நம்மால் செய்யத்தக்கவை

இதற்கெல்லாம் பெருஞ்செலவும் வல்லுநர் குழுவும் வேண்டுமோ என்று ஐயுறுவோர் உளர். தேவையில்லை என்பதே என் கருத்து. கல்லூரியில் இருக்கும் பதிவேடுகளும் மாணவர்களும் போதும். செய்யத்தக்கன சிலவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

1. சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்தல். இன்றைய வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்தால் நின்றுபோனவர்கள் விடுபட்டுப் போவார்கள். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்தால், படிப்பவரும் நின்றவரும் ஒருங்கே வருவர். எத்தனை பேர் வேண்டும்? ஐந்தில் ஒரு மாணவருக்கு ஒரு குறிப்பிட்ட இடர்ப்பாடு இருப்பதாகக் கொள்வோம். குலுக்கி எடுத்த 20 பேரில் அத்தகையோர் ஒருவர்கூட அகப்படாமற் போவதற்கான வாய்ப்பு 0.8-ஐ 20 முறை பெருக்கக் கிடைப்பது. அது நூற்றில் ஏறத்தாழ ஒன்றே. எனவே ஒவ்வோர் ஆண்டு மாணவரிலும் 20 பேரைக் கேட்டாலே பெரிய குறை எதுவும் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தப்பாது. அது எத்தனை பேருக்கு உள்ளது என்று துல்லியமாக அறிய வேண்டுமாயின் மேலும் பலரைக் கேட்க வேண்டும்.

2. நேரிற் கேட்டல். படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வதைவிட, உட்கார்ந்து பேசிக் குறித்துக்கொள்வது நன்று. வேறு துறை மாணவர்கள் கேட்க வேண்டும். மாணவியரை மாணவியரே கேட்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. நின்றுபோனவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். பேச விருப்பமில்லை என்றால் வற்புறுத்தலாகாது.

3. இரு குழுக்களாகப் பிரிந்து கேட்டல். இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931-இல் நிறுவிய பேராசிரியர் மகலநோபிசு, பயிர்க் கணக்கெடுப்புகளில் ஓர் அரிய முறையைக் கையாண்டார். ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு குழுக்களைக் கொண்டு தனித்தனியே கணக்கெடுக்கச் செய்வார். இரு முடிவுகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகிச் சென்றால் எங்கோ பிழை என்று அறியலாம். நாமும் இதனைச் செய்யலாம்.

4. ஐந்து வினாக்கள். உனக்கு எந்த உதவி தேவைப்பட்டது? அவ்வுதவி கல்லூரியில் உண்டென்று உனக்குத் தெரியுமா? தெரிந்தும் பெற முடியாமற் போனதற்கு எது தடை? பெற்றபின் உன் படிப்பில் என்ன மாறியது? படிப்பை விட்டுவிடலாம் என்று எண்ணியதுண்டா, எண்ணியபோது யாரிடம் சொன்னாய்? ஐந்தாவது வினாவுக்கு 'யாரிடமும் இல்லை' என்ற விடை மிகுதியாக வந்தால், நம் ஆலோசனைக் குழுவின் நிலை அதிலேயே விளங்கிவிடும். விடையில் ஒருவரின் மனத்துயர் வெளிப்பட்டால், கணக்கெடுப்பை அங்கேயே நிறுத்திவிட்டு, அவரிடம் சொல்லி அவர் இசைவோடு, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

5. வருகைப் பதிவேட்டை விளக்காகக் கொள்ளுதல். ஒருவர் தொடர்ந்து இரண்டு வாரம் வரவில்லையென்றால், வருகைக் குறைவுக்கான கட்டணத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், வகுப்பு ஆலோசகரோ உடன் பயிலும் நண்பரோ அழைத்து, "என்னாச்சுப்பா?" என்று கேட்க வேண்டும். என் நண்பனுக்குத் தேவைப்பட்டது அந்த ஓர் அழைப்பும், கடைசி நாளுக்கு முந்திய ஒரு நினைவூட்டலுமே.

6. ஒன்றை மாற்றி மீண்டும் அளத்தல். பத்து மாற்றங்களை ஒருசேரச் செய்தால் எது பயன் தந்தது என்று தெரியாது. எடுத்துக்காட்டாக, உதவித்தொகை விண்ணப்ப உதவி மேசை ஒன்றை இரு சுழற்சியினரும் வளாகத்தில் ஒன்றாக இருக்கும் பகல் 12.30 முதல் 1.30 வரை வைக்கலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் யாரிடம் உள்ளன, யாரிடம் இல்லை என்று சேர்க்கை முடிந்த மாதத்திலேயே இரண்டாமாண்டு மாணவர்கள் பார்த்து உதவலாம். அடுத்த ஆண்டு, தகுதியுடையவர்களில் விண்ணப்பிக்காமல் விடுபட்டவர் எத்தனை பேர் என்று எண்ணலாம். அத்தொகை குறைந்தால் மாற்றத்தை நிலைநிறுத்துவோம். குறையாவிட்டால் வேறு வழி தேடுவோம்.

7. விடையை வெளியிடுதல். கேட்டுவிட்டு முடிவைச் சொல்லாமல் விட்டால் அடுத்த முறை எவரும் மனம் திறந்து பேசார். என்ன கேட்டோம், என்ன தெரிந்தது, என்ன மாற்றினோம் என்னும் மூன்றையும் ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இந்த ஆண்டு மலரிலும் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

ஓர் ஐயமும் விடையும்

இது ஆசிரியர்கள் மீது குற்றங்காணும் முயற்சியாகாதா என்று சிலர் கேட்கலாம். பாடம் நடத்துவதோடு தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, நலப்பணித் திட்டம் எனப் பல சுமைகளை நம் பேராசிரியர்கள் தாங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுக்கு இன்னொரு பதிவேட்டைத் தருவது என் எண்ணமன்று. இக்கணக்கெடுப்பை மாணவர்களே செய்ய வேண்டும் என்று சொல்வதன் காரணமும் அதுவே. காய்ச்சல் இவ்வளவு என்று வெப்பமானி காட்டினால், அதனை மருத்துவரைக் குறை சொல்வதாக எவரும் கொள்வதில்லை. அளவு தெரிந்தால்தான் மருந்து கொடுக்க முடியும். மேலும், எந்தப் பணியால் பயனில்லை என்று தெரிந்துவிட்டால் அதனை நிறுத்தி, அதற்குச் செலவான ஆசிரியர் நேரத்தை மிச்சப்படுத்தலாம் அல்லவா?

முடிவுரை

மாணவர் நலப் பணி என்பது அரங்கில் நடைபெறும் நிகழ்ச்சியோடு முடிவதன்று. அரங்கிற்கு வர இயலாதவன் எங்கே நிற்கிறான் என்று தேடிச் செல்வதும் அப்பணியே. வந்தவரை எண்ணுவோம், வராதவரையும் எண்ணுவோம். வந்தவர் மகிழ்ந்தாரா என்று கேட்பதோடு நில்லாமல், மூன்று மாதம் கழித்து அவர் வாழ்வில் என்ன மாறியது என்றும் கேட்போம். ஒப்பிடும்போது ஒத்த நிலையினரையே ஒப்பிடுவோம். கண்டதை மறைக்காமல் சொல்வோம்.

எங்களைப் போல் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் இக்கல்லூரியில் பலர். எங்களில் ஒருவர் நின்றுபோனால், அவ்வீட்டில் அடுத்துப் படிக்கவிருக்கும் தம்பி தங்கையின் வழியும் அடைபடுகிறது. ஆதலின் இது ஒருவரின் இழப்பன்று. வரும் கல்வியாண்டின் தொடக்கத்தில், துறைத் தலைவரின் இசைவோடு, சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து முதல் இருபது பெயர்களைக் குலுக்கி எடுத்து இப்பணியைத் தொடங்கலாம் என்று எங்கள் வகுப்பில் பேசி வருகிறோம். மாணவரும் மாணவியருமாகப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பிற துறை நண்பர்களும் சேர்ந்தால் இரு குழுக்கள் அமைக்கலாம். விருப்பமுள்ளோர் புள்ளியியல் துறையில், பகல் இடைவேளையில், எங்களில் யாரிடம் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம்.